பாலுவின் பெயரில் ஏன் ஒரு கோப்பை இல்லை?

படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காணும் பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். ஃபிளெக்ஸில் ஒரு தலைவர் படம் இருக்கும். 'இன்னார் நினைவுக் கோப்பை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் காலனிகளில் நடக்கும் போட்டி என்றால் பெரும்பாலும் அம்பேத்கர் நினைவுக் கோப்பை. அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்களிடமும், சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் தோழர்களிடமும் நாம் ஒரு கேள்வியை வைப்பதுண்டு. கிரிக்கெட் ஆட்டத்திலேயே நமக்கு ஒரு மூத்தவர் இருக்கிறாரே, அவர் பெயர் தெரியுமா? பெரும்பாலும் தெரிவதில்லை. அது அவர்கள் குற்றமில்லை. அந்தப் பெயரை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை, எந்தக் கோப்பையும் தாங்கி நிற்கவில்லை.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. 1876இல் தார்வாடில் சாமர் சமூகத்தில் பிறந்தவர். இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் இவர்தான் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்களும் கடைசியில் இப்படித்தான் கேட்கிறார்கள்: "நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஆடவில்லையே. அவரை எப்படிப் பெரிய பட்டியலில் சேர்ப்பது?"

இந்தக் கேள்வியை நாம் கோபப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது. உள்ளேயா வெளியேயா என்று வாசற்படியில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களை எந்த அளவுகோலால் அளப்பது என்பது, கிரிக்கெட்டில் மட்டுமல்ல, வேலையிலும் கல்லூரியிலும் நாம் தினமும் சந்திக்கும் கேள்வி. 'தகுதி' என்ற சொல்லை நம் முகத்தில் எறிகிறவர்களுக்குப் பதில் சொல்லப் பாலுவின் கதை ஒரு நல்ல பாடம்.

மூன்று ரூபாய் சம்பளமும் ஒரு பந்தும்

பாலுவின் தந்தை ராணுவத்தில் வேலை பார்த்தவர். குடும்பம் பூனாவில் இருந்தது. சிறுவன் பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை, பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும். சம்பளம் மாதம் 3 ரூபாய். அங்கே உறுப்பினர்களுக்கு அவ்வப்போது பந்து போடுவார். பிறகு 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார். சம்பளம் 4 ரூபாய். வலை கட்டுவது, பிட்ச் தயார் செய்வது, கோடு போடுவது ஆகியவற்றோடு துரைமார்களுக்குப் பந்து போடும் வேலையும் சேர்ந்தது.

அந்தக் கிளப்பில் கேப்டன் கிரெய்க் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். அன்றைக்கு இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார பேட்ஸ்மேன்களில் முன்வரிசையில் நின்றவர். அவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து தனியாகப் பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுப்பாராம். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியோ, ஆண்டுக்கணக்கில், மணிக்கணக்கில் பந்து போட்டதில் பாலுவின் இடதுகைச் சுழற்பந்து பதமானது.

இங்கே இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். பூனா கிளப்பில் அவரைப் பந்து போட விட்டார்களே ஒழிய, ஒருநாளும் பேட் பிடிக்க விடவில்லை. பேட்டிங் எஜமானர்களுக்கு, பந்துவீச்சு வேலைக்காரர்களுக்கு. பாலுவின் பேட்டிங் சராசரி 13 சொச்சம்தான் என்று இன்று யாராவது குறை சொன்னால், அந்த எண்ணுக்குப் பின்னால் இந்த விஷயம் இருக்கிறது. அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் நல்ல பேட்ஸ்மேன்களாக வந்தார்கள். அண்ணனுக்கு அடைத்த கதவு கொஞ்சம் திறந்த பிறகு வளர்ந்தவர்கள் அவர்கள்.

பூனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிளப் இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு இருந்தது. வெல்லக்கூடிய பந்துவீச்சாளர் தீண்டப்படாதவராக இருந்தார். சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை நடந்தது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? மைதானத்தில் எல்லோரும் தொடும் அதே பந்தைத்தான் பாலுவும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளை. முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால் இன்னொரு ஒடுக்கப்பட்ட சாதிப் பணியாள் கொண்டுவந்து ஊற்றுவார். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலு எடுத்த விக்கெட் அவர்களுக்கு வேண்டும், அவர் குடித்த குவளை வேண்டாம்.

1896 வாக்கில் பம்பாய் போனார். ராணுவத்தில் கொஞ்ச காலம், பிறகு ரயில்வேயில் வேலை. பம்பாய் இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் பம்பாயில் நடந்த ஆட்டத்தில் இந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். பாலு அந்த ஆட்டத்தில் 8 விக்கெட் எடுத்தார். மறு ஆண்டும் வெற்றி, இந்த முறை 238 ரன் வித்தியாசம். காலனி ஆட்சியாளரை அவர் ஆட்டத்திலேயே தோற்கடித்த அந்த வெற்றிகளை நாடே கொண்டாடியது.

எண்கள் என்ன சொல்கின்றன?

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா. தகுதியால் அல்ல, பணத்தாலும் பட்டத்தாலும். அவர் பாதி நேரம் விருந்துகளில்தான் இருந்தார். அணி 14 முதல்தர ஆட்டங்களில் 10இல் தோற்றது, இரண்டில் வென்றது. அப்படிப்பட்ட அணியில், 35 வயதில், முதன்முறையாக அந்த நாட்டின் மண்ணைப் பார்த்த பாலு, எல்லா ஆட்டங்களும் சேர்த்து 114 விக்கெட் எடுத்தார். சராசரி 18.84. முதல்தர ஆட்டங்களை மட்டும் எடுத்தால் 75 விக்கெட், சராசரி 20.12. அந்தக் கோடை இங்கிலாந்தில் பேர்போன வறண்ட, வெயில் கோடை. சுழற்பந்துக்கு உதவும் ஈரமான பிட்ச் அதிகம் கிடைத்த ஆண்டு அல்ல. லீஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட் அவருடையது.

மொத்த வாழ்க்கைக் கணக்கு: 33 முதல்தர ஆட்டங்கள், 179 விக்கெட், சராசரி 15.21. ஓர் இன்னிங்ஸில் 5 அல்லது அதற்கு மேல் எடுத்தது 17 முறை. ஆட்டத்துக்குச் சராசரியாக 5 விக்கெட்டுக்கும் மேல். அதே காலத்தில் இங்கிலாந்தின் இடதுகைச் சுழற்பந்து மேதை என்று உலகம் கொண்டாடிய வில்ஃப்ரெட் ரோட்ஸின் முதல்தர சராசரி 16.72. ரோட்ஸ் எடுத்தது 4,000 விக்கெட்டுக்கும் மேல். அந்த அளவோடு பாலுவின் 179ஐ நேராக ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் வேண்டாம். அந்தக் காலத்தில் பந்துவீச்சு சராசரிகள் பொதுவாகவே குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் ஒரே கோடையில் 30 முதல்தர ஆட்டம் ஆடிவிடுவார். பாலுவுக்கு அந்த 33 ஆட்டம் கிடைக்க ஏறக்குறைய முழு ஆயுளே தேவைப்பட்டது. ஆட்டம் குறைந்தது ஆற்றலின் குறைவா, வாய்ப்பின் குறைவா?

வாசலில் தொங்கும் விதி

சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2009இல் தன் ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியது. பந்துவீச்சாளர் என்றால் டெஸ்ட் அல்லது ஒருநாள் ஆட்டங்களில் குறைந்தது 200 விக்கெட் எடுத்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுவான அளவுகோல்களில் ஒன்று. இந்தியாவிலிருந்து கவாஸ்கர், பேடி, கபில்தேவ் முதல் கும்ப்ளே, டிராவிட், டெண்டுல்கர், வினு மன்கட், டயானா எடுல்ஜி வரை உள்ளே இருக்கிறார்கள். எல்லோரும் தகுதியானவர்கள்.

பாலு எடுத்த டெஸ்ட் விக்கெட் பூஜ்யம். ஏனென்றால் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியதே 1932 ஜூனில், லார்ட்ஸ் மைதானத்தில். அப்போது பாலுவுக்கு வயது 56. ஆட வராத ஆளுக்கு மார்க் போடாதது சரி. தேர்வே நடக்காத காலத்து மாணவனைத் தேர்வு எழுதவில்லை என்று ஃபெயில் போடுவது எந்த நியாயம்?

விதி என்றால் விதிதானே என்பவர்களுக்கு: டபிள்யூ. ஜி. கிரேஸ் அதே ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அவர் ஆடிய டெஸ்ட் 22, எடுத்த ரன் 1,098. சிட்னி பார்ன்ஸ் இருக்கிறார், 189 டெஸ்ட் விக்கெட்டோடு. இன்றைய எண்ணிக்கை அளவுகோலை நேராக வைத்தால் இருவருமே வாசலில் நின்றிருப்பார்கள். அவர்கள் காலத்தில் டெஸ்ட் ஆட்டம் குறைவு, அவர்கள் பெருமை அந்த எண்ணிக்கைக்குள் அடங்காது என்று புரிந்துகொண்டுதான் சேர்த்தார்கள். அது சரியான முடிவு. காலத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்ற அந்த நியாயம், காலத்தோடு சாதியும் சேர்ந்து தடுத்த ஒருவருக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

நம் நாட்டுக் கோப்பைகள் யார் பெயரில்?

உலகை விடுவோம், உள்நாட்டுக்கு வருவோம். 1934இல் தொடங்கிய தேசியப் போட்டிக்கு ரஞ்சி கோப்பை என்று பெயர். ரஞ்சித்சிங்ஜி மகத்தான பேட்ஸ்மேன், சந்தேகமில்லை. ஆனால் அவர் ஆடிய 15 டெஸ்ட்டும் இங்கிலாந்துக்காக. 1961இல் துலீப் கோப்பை வந்தது. துலீப்சிங்ஜி ஆடிய 12 டெஸ்ட்டும் இங்கிலாந்துக்காகவே. இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாதது அவர்களுக்குத் தடையாக இல்லை.

டெஸ்டே ஆடாதவர் பெயரில் கோப்பை வைக்க முடியாது என்பார்களா? தியோதர் கோப்பை இருக்கிறது. பேராசிரியர் டி. பி. தியோதர் பூனாவின் பார்ப்பன சமூகத்தைச் சேர்ந்தவர், சமஸ்கிருதம் கற்பித்தவர். 1926இல் பம்பாயில் எம்.சி.சி. அணிக்கு எதிராக 148 ரன் அடித்தவர், மகாராஷ்டிர அணியின் தலைவராக ரஞ்சி கோப்பையை வென்றவர். டெஸ்ட் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. இந்தியாவுக்கு டெஸ்ட் வந்தபோது அவருக்கு வயதாகிவிட்டது என்பதுதான் காரணம், பாலுவைப் போலவே. அவருக்குக் கிடைத்த மரியாதை நியாயமானது என்றே நாம் சொல்கிறோம். காலம் தவறிப் பிறந்ததை ஒரு பூனாக்காரருக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதே பூனாவில் மண் குவளையில் தேநீர் குடித்த இன்னொருவருக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

விஜயநகரம் மகாராஜ்குமார், அதாவது 'விஸ்ஸி', 1936இல் இந்திய அணித் தலைவர். 3 டெஸ்ட், மொத்தம் 33 ரன், சராசரி 8.25. அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் லாலா அமர்நாத் பாதியில் ஊருக்கு அனுப்பப்பட்டார். பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் போட்டிக்கு விஸ்ஸி கோப்பை என்று பெயர். 1958இல் அவருக்குப் பத்ம பூஷண் விருதும் கிடைத்தது.

நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் ஒருவர் கதையும் உண்டு. மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன். 1934இல் சென்னையில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். ஆனாலும் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த ஆட்டங்களுக்குக் கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு டெஸ்ட் என்ற எண்ணுக்குள் அவரை அடக்கவில்லை, அவர் ஆட்டத்துக்குச் செய்த தொண்டு முழுவதையும் பார்த்தார்கள். அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ரஞ்சி, துலீப், இரானி, தியோதர், விஜய் ஹசாரே, சையது முஷ்டாக் அலி, சி. கே. நாயுடு, கூச் பெஹார், விஜய் மெர்ச்சன்ட், வினு மன்கட் என்று தேசியப் போட்டிகளின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். இளவரசர்கள் இருக்கிறார்கள், நிர்வாகி இருக்கிறார், மாபெரும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பாலு இல்லை. ஆக அளவுகோல் ஒன்று இல்லை. ஆளுக்கொரு கோல் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் எப்படித் திருத்தினார்கள்

இதே கேள்வியை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நமக்கு முன்பே எழுப்பி, பாதியாவது வென்றிருக்கிறார்கள். அங்கே பேஸ்பால்தான் தேசிய ஆட்டம். 1947இல் ஜாக்கி ராபின்சன் நுழையும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் தங்களுக்கென்று நீக்ரோ லீக்குகளை நடத்தினார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. உள்ளே போகப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்க வேண்டும், 75 சதவீதம் தேவை. பெரிய லீக்கில் 10 ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்பதும் விதி. முதலில் லீக்குக்குள் விடமாட்டோம், பிறகு லீக்கில் ஆடவில்லையே என்று மரியாதையும் தரமாட்டோம். ஒரே பூட்டை இரண்டு தடவை பூட்டுவது என்பது இதுதான்.

1966இல் டெட் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்கார நட்சத்திரம், தன்னைச் சேர்க்கும் விழா மேடையிலேயே நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களையும் சேர்க்க வேண்டும் என்று பேசினார். 1971இல் சாச்சல் பேஜ் சேர்க்கப்பட்டார். முதலில் அவர்களுக்குத் தனிப் பகுதி வைக்கலாம் என்றார்கள். அதாவது அங்கேயும் ஒரு தனிக் குவளை! எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டு முழு உறுப்பினராகச் சேர்த்தார்கள். 2006இல் தனிக் குழு அமைத்து, பழைய பத்திரிகைகளைத் தோண்டி ஆராய்ந்து, 17 பேரை ஒரே நேரத்தில் சேர்த்தார்கள். அந்த லீக்குகளின் நினைவை ஆயுள் முழுதும் சுமந்த பக் ஓ'நீல் அந்தத் தடவை தேறவில்லை. ஆனாலும் மற்றவர்களுக்காக அந்த விழா மேடையில் நின்று பேசினார். சில மாதங்களில் இறந்துபோனார். 2022இல்தான் அவரைச் சேர்த்தார்கள்.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அறிவித்தார்கள். 2024இல் அந்தப் புள்ளிவிவரங்கள் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தன. அன்று ஜாஷ் கிப்சனின் .372 என்ற சராசரி, தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்த டை காபின் சராசரியைத் தாண்டியது. கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தவர். ராபின்சனுக்குக் கதவு திறந்தது அதே ஆண்டு ஏப்ரலில்.

அங்கே நடந்த வேலையின் வரிசையைப் பாருங்கள். யாருடைய பெயரையும் இரக்கத்தால் சேர்க்கவில்லை. ஸ்கோர் கார்டுகளைத் தேடினார்கள், கணக்குப் போட்டார்கள், எதிரணிகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தார்கள். பிறகு விதியை மாற்றினார்கள். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவைக் கேட்டார். அவர்கள் போராட்டத்திலிருந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

நம் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு

வெளியாட்களின் மறுப்பைவிடக் கடினமான மறுப்பு நம்மவர்களிடமிருந்து வருகிறது. "பாலு அண்ணலுக்கு எதிராக நின்றவர் ஆயிற்றே?" ஆம், நின்றார். 1911இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய பாலுவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அப்போது மாணவராக இருந்த அம்பேத்கருக்கு அவர் ஒரு நாயகர் என்று குஹா எழுதுகிறார். ஆனால் 1932இல் தனித்தொகுதிக் கோரிக்கையில் பாலு அண்ணலோடு நிற்கவில்லை, கூட்டுத்தொகுதிப் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரை அண்ணலுக்கு எதிராகவே நிறுத்தியது. அண்ணல் 13,245 வாக்கு, பாலு 11,225 வாக்கு. அண்ணல் வென்றார்.

அரசியலில் பாலு எடுத்த நிலை தவறு என்பதே நம் கருத்து. அதை மறைத்து அவரைக் கொண்டாட வேண்டாம். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பரங்கிமலையில் பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராஜா. 1922இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, நம் மக்களை இழிபெயரால் அழைக்காமல் ஆதிதிராவிடர் என்று அழைக்க வைத்தவர். அவரும் 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டு, கூட்டுத்தொகுதி பக்கம்தான் நின்றார். அதற்காக நாம் அவரைத் தூக்கிப் போட்டுவிட்டோமா? சைதாப்பேட்டையில் அவர் பெயரில் உள்ள விடுதியில் படித்து எத்தனை தலைமுறை மாணவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். ராஜாவின் 1932ஐ விமர்சிக்கவும் 1922ஐ மதிக்கவும் நமக்குத் தெரிந்திருக்கிறது. பாலு விஷயத்திலும் அது முடியும். காங்கிரஸ் வேட்பாளர் பாலுவுக்கு நாம் கோப்பை கேட்கவில்லை. பந்துவீச்சாளர் பாலுவுக்குக் கேட்கிறோம்.

களத்தில் அவர் அடங்கிப்போனவரும் அல்ல. 1910க்குப் பிறகு பத்தாண்டு காலம் இந்துக்கள் அணியில் அவரைவிட மூத்த, திறமையான ஆள் இல்லை. ஆனாலும் தலைமைப் பதவி ஒவ்வொரு முறையும் மேல்சாதிக்காரர் ஒருவருக்கே போனது. 1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் இதற்குக் காரணம் சாதிதான் என்று வெளிப்படையாகச் சொல்லி அணியை விட்டு விலகினார்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் நடந்த ஓர் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் அது. நிர்வாகம் இறங்கி வந்து பாலுவைத் துணைத்தலைவராக்கியது. தலைவர் பை மைதானத்தை விட்டு வெளியே போயிருந்த நேரத்தில், பாலு சிறிது நேரம் அணியை நடத்தினார். 1923இல் விட்டல் தலைவரானார், அந்த ஆண்டு நாற்கோணப் போட்டியை இந்துக்கள் அணி வென்றது. கேட்டதால் கிடைத்தது, அதுவும் அண்ணனுக்கு அல்ல, தம்பிக்கு. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் சங்கம் வைக்கும் உரிமைக்காகப் பந்தலில் உட்கார்ந்த தோழர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

கச்ரா அல்ல, பாலு

'லகான்' படத்தில் கச்ரா என்ற தீண்டப்படாத சுழற்பந்து வீச்சாளன் வருகிறான். பாலுதான் அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதல் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் கச்ராவின் பந்து சுழல்வதற்குக் காரணம் அவன் ஊனமான கை. அவனே கேட்டு வரவில்லை, நாயகன் கூப்பிட்டு, ஊரைச் சமாதானம் செய்து சேர்க்கிறான். அவன் வாய் திறப்பதும் அரிது. பாலுவின் சுழல் உடற்குறையிலிருந்து வந்ததல்ல, ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பிலிருந்து வந்தது. அவருக்காகப் பேசியது ஒரு மேல்சாதி நாயகன் மட்டுமல்ல, அவருடைய சொந்தத் தம்பிகள் பேசினார்கள். நம் திறமையை விபத்தாகவும், நம் உரிமையை இன்னொருவர் தயவாகவும் காட்டும் கதைகள் வெற்றி பெறும்போது, உண்மையான பதிவுகள் அலமாரியில் தூசி படிகின்றன. அரக்கோணத்து மண்ணை வைத்து வந்த 'ப்ளூ ஸ்டார்' போன்ற படங்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நேர் செய்கின்றன.

நம் தீர்ப்பு

விளிம்பில் நிற்கும் ஓர் ஆட்டக்காரரை மதிப்பிட நாம் நான்கு கேள்வி கேட்கலாம். கிடைத்த ஆட்டங்களில் என்ன செய்தார்? யாருக்கு எதிராகச் செய்தார்? கிடைக்காத ஆட்டங்கள் ஏன் கிடைக்கவில்லை? அவர் ஆடியதால் ஆட்டமும் சமூகமும் மாறியதா?

பாலு கிடைத்த 33இல் 179 எடுத்தார். ஐரோப்பியருக்கு எதிராகவும், அவர்கள் நாட்டிலும் எடுத்தார். கிடைக்காதவை காலத்தாலும் சாதியாலும் கிடைக்கவில்லை. பூனாவில் மண் குவளை கொடுத்த ஆட்டம், பம்பாயில் ஒரே பந்தியில் உட்காரும் அளவுக்கு நகர்ந்தது. அதை அன்றைய சீர்திருத்தப் பத்திரிகைகளே வரவேற்று எழுதின. நான்கு கேள்விக்கும் பதில் ஒரே பக்கம் சாய்கிறது. அவர் விளிம்பில் நின்றவரே அல்ல, விளிம்பில் நிறுத்தப்பட்டவர். 1955 ஜூலையில் பம்பாயில் அவர் இறந்தார். நினைவுகூர எழுபது ஆண்டு அவகாசம் இருந்தும் அவர் பெயரில் ஒரு தேசியக் கோப்பை வரவில்லை.

இந்திய கிரிக்கெட் வாரியம் தொடக்கநிலை வயதுப்பிரிவுப் போட்டி ஒன்றுக்காவது பாலுவின் பெயரை வைக்க வேண்டும். சர்வதேச கவுன்சில், தேசங்களுக்கு டெஸ்ட் தகுதி வருவதற்கு முன் ஆடியவர்களை ஆராயத் தனிக் குழு அமைக்க வேண்டும். இவற்றை மனுவாக எழுதி அனுப்புவோம், கையெழுத்து வாங்குவோம்.

அவர்கள் தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் பொங்கலுக்கு நம் காலனிகளில் நடக்கும் ஏதாவது ஒரு போட்டிக்குப் பல்வங்கர் பாலு கோப்பை என்று பெயர் வையுங்கள். பரிசளிப்பில் ஐந்து நிமிடம் அவர் கதையைச் சொல்லுங்கள். அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஏரிக்கரையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் ஆடிய நம் காலனி அணிகள் பலவற்றுக்கு இன்று மைதானமே இல்லை, அங்கே காம்பவுண்டு சுவர் நிற்கிறது. அந்த அணிகளில் ஆடிய அண்ணன்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் இப்போது ஐம்பது, அறுபது வயது. ஸ்கோர் நோட்டு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், குரூப் போட்டோ வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். எந்த ஊர் டோர்னமென்டில் சேர்த்துக்கொள்ளவில்லை, எங்கே சேர்த்தார்கள், யார் எத்தனை விக்கெட் எடுத்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். தேதி போட்டு எழுதுங்கள், போட்டோவை ஸ்கேன் செய்யுங்கள். அமெரிக்காவில் தீர்ப்பை மாற்றியது பழைய ஸ்கோர் கார்டுகள்தான். நம் ஸ்கோர் கார்டுகளை நாம்தான் பத்திரப்படுத்த வேண்டும்.

ஜெய்பீம்!